வாயைக் கட்டு: நீரிழிவோடு வாழ்பவர்கள் பேசாமல் விட்டவை

"வாயைக் கட்டணும்."

சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளிலிருந்து ஒருவர் அதிகம் கேட்கும் சொற்கள் இவை. மருத்துவர் சொல்வார். மருந்துக்கடைக்காரர் சில்லறையோடு சேர்த்துச் சொல்வார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், பெயரைக்கூடக் கேட்காமல், ஜாங்கிரியைப் பார்த்துக்கொண்டே சொல்வார். தமிழில் இந்தச் சொற்களுக்கு இரண்டு பொருள் உண்டு. தின்பதைக் கட்டுப்படுத்து என்பது ஒன்று. பேசாதிரு என்பது மற்றொன்று. நீரிழிவு உள்ளவர்களில் பலருக்கு முதல் கட்டு அரைகுறையாகத்தான் வாய்க்கிறது. இரண்டாவது கட்டோ யாரும் கேட்காமலே இறுக்கமாக விழுந்துவிடுகிறது. இன்சுலின் ஊசியை அலுவலகக் கழிப்பறையில் போட்டுக்கொள்கிறவர், காலில் மரத்துப்போன இடத்தை மனைவியிடம் சொல்லாதவர், மகள் கல்யாணம் முடியும்வரை மாத்திரைப் பட்டையை அரிசிப் பானையில் வைத்திருக்கிற தாய் ஆகிய எல்லோரும் இந்த இரண்டாவது கட்டுக்கு உட்பட்டவர்கள்.

இந்நோயின் மனச்சுமையில் ஒரு பங்கு நோயிலிருந்தே வருவது. வாழ்நாள் முழுவதும் நீங்காத எந்த நோயும் அந்த அளவுக்கு ஒருவரை அழுத்தும். இன்னொரு பங்கு, "நீயே வரவழைத்துக்கொண்டாய்" என்று நாம் அதன்மேல் ஏற்றிவைத்த பழியிலிருந்து வருவது. அந்தப் பழி உண்மையோடு பொருந்தவில்லை. சிகிச்சைக்கும் அதுவே குறுக்கே நிற்கிறது. இந்த இரண்டையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரில் ஒட்டிய பழி

நீரிழிவு என்ற சொல்லில் பழி ஏதும் இல்லை. 'இழிதல்' என்றால் இறங்குதல், வழிதல். உடம்பிலிருந்து நீர் ஓயாமல் இறங்குவதால் நீரிழிவு. கிரேக்கத்திலிருந்து வந்த 'டயாபடீஸ்' என்ற பெயருக்கும் ஏறக்குறைய இதே பொருள்தான்: ஊடே கடந்து ஓடுவது. ஆனால் இன்றைய தமிழ்க் காதில் 'இழிவு' என்றதும் நீர் ஓடுவது கேட்பதில்லை, தாழ்வுதான் கேட்கிறது. மதுமேகம் என்ற மரபுப் பெயருக்கும் சங்கடம் உண்டு. சித்த மருத்துவம் அதை மேக நோய்களின் வரிசையில் வைத்தது. வழக்கில் 'மேக நோய்' என்பது பால்வினை நோயையும் குறித்ததால், பெயரைச் சொன்னாலே ஒழுக்கத்தின் மீது ஐயம் விழுந்தது. ஆகவே மக்கள் 'சுகர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் புகுந்துகொண்டார்கள். "எனக்குச் சுகர்" என்று சொல்ல முடிகிறது. "எனக்கு நீரிழிவு" என்று யாரும் பந்தியில் சொல்வதில்லை.

பழி புதியது அன்று. சுச்ருத சம்ஹிதை இந்நோயை இரண்டாகப் பிரித்தது: பிறவியிலேயே வருவது ஒன்று, பத்தியமில்லாத வாழ்வால் வருவது மற்றொன்று. முதல் வகையினர் மெலிந்தவர். இரண்டாம் வகையினர் பருத்தவர், நிறையத் தின்று நிறையத் தூங்குகிறவர். அந்தக் காலத்துக்கு இது வியக்கத்தக்க கூர்நோக்கு. ஆனால் பொதுப்புத்தி அந்தப் பிரிவில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. பத்தியம் என்பது நமக்கு வெறும் உணவு முறையாக இருந்ததில்லை. அது மன உறுதிக்கும் அடக்கத்துக்கும் அளவுகோல். பத்தியம் முறிந்தால் மருந்து மட்டுமல்லாமல் ஆளும் முறிந்ததாகக் கருதும் மரபு நம்முடையது.

சில பத்தாண்டுகளுக்கு முன் இதைப் 'பணக்கார வியாதி' என்றார்கள். அப்போது பழியோடு கொஞ்சம் பெருமையும் சேர்ந்திருந்தது. சர்க்கரை இருக்கிறது என்றால் நன்றாக உண்டு உட்கார்ந்து வாழ்ந்தவர் என்று பொருள். இன்று அந்தப் பெருமை கழன்றுபோய்விட்டது. பழி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பழியைக் கணக்குப் பார்த்தால்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய 'இந்தியாப்' ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில். தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. கோவாவிலும் புதுச்சேரியிலும் அது 26 விழுக்காட்டைத் தாண்டியது. நான்கு பேரில் ஒருவருக்கு வரும் ஒன்றை அந்த ஒருவரின் நாக்கு மட்டும் வரவழைத்திருக்க முடியாது.

அதே ஆய்வின் 15 மாநில முடிவுகள் 2017இல் வந்தபோது இன்னொரு செய்தி தெரிந்தது. தமிழ்நாட்டு நகரங்களில் வசதி குறைந்தவர்களிடையே நீரிழிவு 15.5 விழுக்காடு; வசதி உள்ளவர்களிடையே 14.3. பணக்கார வியாதி ஏழைகளின் தெருவுக்கு வந்துவிட்டது. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. தட்டில் சோறு மலிவு. பருப்பும் காயும் பழமும் விலை கூடியவை. மாலையில் நடக்கச் சொன்னால், நடக்க நடைபாதை இல்லை. இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போய் இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறவருக்கு 'உணவுக்கும் தூக்கத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி' என்பது அச்சடித்த தாளில் இருக்கும் அறிவுரை மட்டுமே.

உடம்பும் நம் கையில் முழுவதாக இல்லை. புனேயில் சி. எஸ். யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும் கிராமத்துக் குழந்தைகளைப் பிறந்தவுடன் எடைபோட்டு அளந்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, ஒப்பிட எடுத்துக்கொண்ட இங்கிலாந்தின் சௌத்தாம்டன் நகரக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. சிறிய குழந்தையிடம் எல்லாமே சிறுத்திருக்க வேண்டும். தசையும் உறுப்புகளும் சிறுத்தே இருந்தன. தோலுக்கடியில் இருந்த கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. 'ஒல்லியான பருமன்' என்று இதை அழைத்தார்கள். தாயின் வயிற்றில் பட்ட பற்றாக்குறையும் மரபணுவும் சேர்ந்து, 40 வயதில் வரப்போகும் நோய்க்குப் பிறப்பதற்கு முன்பே அடித்தளம் போட்டுவிடக்கூடும். கர்ப்ப காலச் சர்க்கரைக்கு எல்லாக் கர்ப்பிணிகளையும் பரிசோதிக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2007இலேயே ஆணையிட்டது இந்தப் புரிதலிலிருந்துதான். அடுத்த தலைமுறையின் நோயை இந்தத் தலைமுறையின் வயிற்றிலேயே தடுக்கலாம் என்ற நம்பிக்கை அது.

இன்னும் ஓர் எண் போதும். தமிழ்நாட்டில் 2020இல் நடந்த மாநிலக் கணக்கெடுப்பில், நீரிழிவு உள்ளவர்களில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 விழுக்காடு மட்டுமே. ஒரு வகுப்பில் நூறு பேர் தேர்வு எழுதி எண்பத்தொன்பது பேர் தோற்றால், அந்த எண்பத்தொன்பது பேரையும் சோம்பேறிகள் என்று எந்தத் தலைமையாசிரியரும் சொல்ல மாட்டார். பாடம் நடத்திய விதத்தைத்தான் விசாரிப்பார்.

எண்ணோடு குடித்தனம்

உணவும் உழைப்பும் எதற்கும் காரணமில்லை என்பதல்ல இதன் பொருள். அவை முக்கியம், ஆனால் அவற்றைச் சுமக்கிறவர் ஒரு மனிதர். நோயை அறிந்தவர்கள் அந்த மனிதரை மறந்ததுதான் நீண்ட காலச் சிக்கல்.

வேடிக்கை என்னவென்றால், மனதையும் இந்நோயையும் சேர்த்துப் பார்த்தது மருத்துவத்துக்குப் புதிதில்லை. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், நீண்ட துயரம் நீரிழிவைக் கொண்டுவரும் என்று எழுதினார். அவர் சொன்னது ஊகம்தான். ஆனால் 2008இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 60 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. எதிர்த்திசையிலும் தொடர்பு உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2001இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. சோர்வு வந்தால் நடை நிற்கிறது, மாத்திரை மறக்கிறது, தூக்கம் கெடுகிறது, கார்ட்டிசால் கூடுகிறது, சர்க்கரை ஏறுகிறது. ஏறிய சர்க்கரை மீண்டும் சோர்வைக் கூட்டுகிறது. செக்கு மாட்டுக்கு எங்கே தொடங்கினோம் என்று தெரியாததுபோல இந்தச் சுற்றிலும் தொடக்கம் தெரிவதில்லை.

ஆனால் மனச்சோர்வு என்ற மனநோய் ஒன்று. நீரிழிவைச் சுமக்கும் களைப்பு வேறொன்று. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் பொலான்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 1995இல் இருபது கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். நோயைப் பற்றிய அச்சம், உணவைப் பற்றிய ஓயாத நினைப்பு, வீட்டார் ஆதரவாக இல்லை என்ற எண்ணம், கட்டுப்பாடு தவறும்போது வரும் குற்றவுணர்வு முதலியவற்றை அது கேட்டது. இதைத்தான் இன்று 'நீரிழிவு மனவுளைச்சல்' என்கிறார்கள். 17 நாடுகளில் நடந்து 2013இல் வெளியான 'டான் 2' ஆய்வில் இந்தியாவும் இருந்தது. அதில் நீரிழிவு உள்ளவர்களில் மனச்சோர்வு இருக்கக்கூடியவர்கள் 13.8 விழுக்காடு, மனவுளைச்சல் இருந்தவர்கள் 44.6 விழுக்காடு. பின்னவர்களுக்கு வேண்டியது சோர்வுக்கான மாத்திரை அன்று. அவர்களுக்கு மூளையில் கோளாறில்லை. விடுப்பே இல்லாத ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மற்ற நோய்களில் மருத்துவர் மருந்து கொடுக்கிறார், நோயாளி விழுங்குகிறார். இங்கே ஒரு நாளின் பெரும்பாலான முடிவுகளை நோயுள்ளவரே எடுக்க வேண்டியிருக்கிறது: இரண்டா மூன்றா இட்லி, இப்போதா அப்புறமா, மாத்திரைக்கு முன்பா பின்பா.

அந்த வேலைக்கு மதிப்பெண்ணும் உண்டு. பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாள் சோற்றைக் குறைத்து, இனிப்பைத் தொடாமல், காலையில் கூடுதலாக இரண்டு சுற்று நடந்துவிட்டு ஆய்வகத்துக்குப் போகாதவர் குறைவு. தேர்வுக்கு முதல் நாள் படிக்கும் பிள்ளையின் உபாயம் இது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் 'ஹெச்பிஏ1சி' வந்த பிறகு அந்த உபாயம் பலிப்பதில்லை, எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இதை மருத்துவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. உண்மையில் சிரிக்க இதில் ஒன்றுமில்லை. தன் நன்மைக்காகச் செய்யும் சோதனையில் ஒருவர் ஏன் ஏமாற்ற நினைக்கிறார்? அந்தத் தாளில் வரும் எண்ணைச் சர்க்கரையின் அளவாக அவர் பார்ப்பதில்லை. தன் நடத்தைக்கான சான்றிதழாகப் பார்க்கிறார்.

இன்சுலினுக்கு நேர்ந்ததும் இதுதான். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாகப் போடப்பட்டபோது அது சாவிலிருந்து மீட்ட மருந்து. நூறு ஆண்டுகளில் நம் பேச்சில் அது தண்டனையாகிவிட்டது. "கட்டுப்பாடா இல்லேன்னா ஊசிதான்" என்று மருத்துவமனையிலேயே மிரட்டப்படுகிறது. ஊசிக்கு வந்துவிட்டார் என்றால் ஊரார் முடிவு கட்டிவிடுகிறார்கள். பிரிட்டனில் 5,102 பேரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து 1998இல் முடிவு சொன்ன 'யுகேபிடிஎஸ்' ஆய்வு வேறு கதையைச் சொன்னது. நோய் கண்டறியப்படும் நாளிலேயே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திறன் ஏறக்குறைய பாதி போயிருந்தது. ஒழுங்காக மருந்து எடுத்தவர்களிலும் அது ஆண்டுதோறும் இன்னும் சரிந்தது. பலருக்குப் பத்தாண்டுகளில் ஊசி தேவைப்படுவது நோயின் இயல்பான போக்கு. தோற்றதாக நினைத்து ஊசியைத் தள்ளிப்போடுகிறவரின் கண்ணும் சிறுநீரகமும் அந்தத் தள்ளிப்போட்ட ஆண்டுகளுக்கு விலை கொடுக்கின்றன.

பழியும் நம்பிக்கையும் கலந்த இந்த இடத்தில்தான் கடை விரிக்கிறார்கள் 'நிரந்தரத் தீர்வு' வியாபாரிகள். நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். என்றாலும் ஆவாரம்பூவும் சிறியாநங்கையும் இரகசியப் பொடிகளாகப் பெட்டியில் அடைத்து விற்கப்படுகின்றன. வாங்குகிறவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்க முடியாது. தினமும் நினைவுபடுத்தப்படும் ஒரு குற்றத்திலிருந்து ஒரே மண்டலத்தில் விடுதலை கிடைக்கும் என்று சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது?

"சாப்டாச்சா?"

தமிழர் வீட்டில் அன்பு உணவு வழியாகத்தான் வருகிறது. "சாப்டாச்சா?" என்பது நமக்குக் கேள்வியல்ல, நலம் விசாரிப்பு. சர்க்கரை வந்த பிறகு அதே சொற்கள் விசாரணையாகிவிடுகின்றன. "என்ன சாப்ட்டீங்க? எத்தனை? யார் வச்சது?" விருந்தில் இரண்டு விதமாக அடி விழும். "ஒண்ணே ஒண்ணு, ஒண்ணும் ஆகாது, எனக்காக" என்று ஒரு சித்தி இலையில் லட்டு வைப்பார். மறுத்தால் அவர் மனம் புண்படும். தின்றால் எதிரில் இருக்கும் மருமகன், "அத்தைக்குச் சுகர், தெரிஞ்சும் சாப்புடுறாங்க பாருங்க" என்பார். எப்படிப் போனாலும் குற்றம். கோயில் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாமல் உள்ளங்கையில் வாங்கி, யாரும் பார்க்காதபோது பேரன் வாயில் போடும் பாட்டிகளை எந்தச் சன்னதியிலும் பார்க்கலாம்.

உண்ணாமல் இருப்பதிலும் இதே இழுபறி உண்டு. 13 நாடுகளில் இஸ்லாமியரிடையே 2001இல் நடந்த 'எபிடியார்' ஆய்வில் 12,243 பேர் கலந்துகொண்டார்கள். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் 79 விழுக்காட்டினரும், முதல் வகையினரில் 43 விழுக்காட்டினரும் ரமலானில் குறைந்தது 15 நாள் நோன்பிருந்தார்கள். நோயாளிக்கு மார்க்கமே விலக்கு அளிக்கிறது. ஆனாலும் வீடே நோன்பிருக்கும்போது தனியாகத் தட்டை எடுத்து உட்கார மனம் வருவதில்லை. சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் விரதம் இருக்கிற அம்மாக்களின் நிலையும் இதுவே. "நோன்பு விடுங்கள்" என்று மட்டும் சொல்லும் மருத்துவரிடம் அவர்கள் நோன்பை மறைக்கிறார்கள். மாத்திரையைத் தாங்களாகவே மாற்றிக்கொள்கிறார்கள். சர்க்கரை திடீரென இறங்கும் ஆபத்து அப்படி வருகிறது. நோன்புக்கு ஏற்ப மருந்து நேரத்தை மாற்றித் தர முடியும். அதற்கு முதலில் அவர் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

அடுக்களையில் பாரம் சமமாக விழுவதில்லை. வீட்டில் ஆணுக்குச் சர்க்கரை வந்தால் சமையல் மாறும்: அவருக்கெனச் சிறுதானிய தோசை, அவருக்கெனச் சர்க்கரையில்லாக் காப்பி. பெண்ணுக்கு வந்தால் பெரும்பாலும் சமையல் மாறாது. அவள் மட்டும் மாற வேண்டும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் பின்னேரம் உண்பதும், மிச்சத்தைக் கொட்ட மனமில்லாமல் தானே முடித்துவிடுவதும் எந்த உணவு அட்டவணையிலும் எழுதப்படாத கலோரிகள். வீட்டாரும் சும்மா இருப்பதில்லை. 'டான் 2' ஆய்வு குடும்பத்தினரையும் கேட்டது; அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் இந்நோய் தங்களுக்கும் சுமை என்றார்கள். அச்சம் அன்பாக வெளிப்படாமல் அதட்டலாக வெளிப்படுவதும் உண்டு. "போய்ச் சேர்றதுக்கா இப்படித் திங்கிறீங்க" என்று கத்தும் மகன், உண்மையில் அப்பா போய்விடுவாரோ என்ற பயத்தில்தான் கத்துகிறான். கேட்கிறவருக்குப் பயம் கேட்பதில்லை. வசை மட்டும் கேட்கிறது.

பள்ளி, மணவறை, வேலையிடம்

முதல் வகை நீரிழிவு வேறு நோய். உடம்பின் நோயெதிர்ப்பு ஆற்றலே கணையத்தின் இன்சுலின் செல்களை அழித்துவிடுவதால் பெரும்பாலும் சிறுவயதில் வருவது. மிட்டாய் தின்றதால் வருவதில்லை. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் பழியும் ஒன்றாகவே வந்து சேர்கிறது: "பிள்ளைக்கு எதைக் குடுத்து வளத்தீங்க?" தாயை வாழ்நாள் முழுவதும் உறுத்தப்போகும் கேள்வி அது. நாளைக்கு மூன்று நான்கு ஊசி, விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சோதனை, விளையாட்டு வகுப்பில் கை நடுங்கும் 'லோ சுகர்' எல்லாவற்றுக்கும் நடுவே அந்தக் குழந்தை சக பிள்ளைகளிடம் இயல்பாகவும் இருக்க வேண்டும். வகுப்பில் வாயில் எதையோ போட்டு மென்றால் திட்டு விழும்; போடாவிட்டால் மயக்கம் வரும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017இல்தான் இக்குழந்தைகள் பொதுத் தேர்வுக் கூடத்துக்குள் மாத்திரையும் தின்பண்டமும் எடுத்துப்போகலாம் என்று அனுமதித்தது. கேரள அரசு இக்குழந்தைகளுக்கு இன்சுலினும் கருவிகளும் ஆலோசனையும் வழங்க 2018இல் தொடங்கிய திட்டத்தின் பெயர் 'மிட்டாயி'. பெயரிலேயே பழியைத் திருப்பிப்போட்டிருக்கிறார்கள். இனிப்பைக் குற்றமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய குழந்தைக்கு அந்தச் சொல்லைச் செல்லமாகத் திருப்பித் தந்திருக்கிறார்கள்.

அந்தக் குழந்தை பெண்ணாக இருந்தால் இருபது வயதில் இன்னொரு கதவு முன்னால் நிற்க வேண்டும். நல்ல கண்காணிப்பு இருந்தால் முதல் வகை நீரிழிவு உள்ள பெண்கள் ஆரோக்கியமான பிள்ளைகளைப் பெறுகிறார்கள். மருத்துவத்துக்கு இதில் ஐயமில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும் ஐயம் தீர்வதில்லை. ஆகவே சொல்லாமல் திருமணம், மறைத்து ஊசி, ஊசி தவறிய நாட்களில் ரத்தத்தில் அமிலம் கூடி உயிராபத்து. ஆண்பிள்ளைக்கு இருந்தால், "வேலை நல்ல வேலை, பரவாயில்லை" என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

வேலையிடத்தில் நோய் நேரத்தைக் கேட்கிறது. நேரத்துக்கு உணவு, அடிக்கடி சிறுநீர், கொஞ்சம் உட்காரல். பேருந்து ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் இரவுக் காவலாளிக்கும் இவை மூன்றும் கிடைப்பது அரிது. துணிக்கடைப் பெண்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்ற பின்பு கால் தன்னுடையதாகவே தெரிவதில்லை. உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தாலும் அறிய முடியாது. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது. அது உழைப்பாளர் உரிமைச் சட்டம்தான். ஆனால் அங்கே நிற்பவர்களின் பாதங்களை நினைத்துப் பார்த்தால் அது ஒரு நீரிழிவுச் சட்டமும் ஆகும்.

செலவும் மனதில்தான் போய் உட்காருகிறது. நீரிழிவு உள்ள ஒருவர் இருக்கும் ஏழைக் குடும்பங்கள், நகரத்தில் வருமானத்தில் 34 விழுக்காடும் கிராமத்தில் 27 விழுக்காடும் அவர் சிகிச்சைக்குச் செலவிட்டதாக 2007இல் வந்த ஓர் இந்திய ஆய்வு கண்டது. பேத்தியின் பள்ளிக் கட்டணமும் தாத்தாவின் சோதனைப் பட்டையும் ஒரே சட்டைப்பையிலிருந்து வரும்போது, "எனக்கு இப்ப பரவாயில்ல" என்று தாத்தா மருந்தைக் குறைத்துக்கொள்கிறார். மருத்துவமனைப் பதிவேட்டில் அது 'ஒத்துழைப்பின்மை' என்று ஏறும்.

எல்லாவற்றிலும் ஆழமாகப் புதைந்திருப்பது படுக்கையறை. நீண்ட காலச் சர்க்கரை நரம்பையும் ரத்தக் குழாயையும் தாக்கும்போது ஆணின் பாலியல் ஆற்றல் குறைவது மிகப் பொதுவான சிக்கல், மருத்துவம் இருக்கிறது. பெண்களுக்கும் வறட்சி, வலி, அடிக்கடி வரும் பூஞ்சைத் தொற்று என்று அவர்கள் பங்கு இருக்கிறது. மூன்று நிமிடத்தில் முடியும் புறநோயாளி வரிசையில், பின்னால் இன்னும் நாற்பது பேர் நிற்கும்போது, இதை யார் சொல்வார்கள்? சொல்லாததால் கணவர் விலகிவிட்டதாக மனைவி நினைக்கிறார். தன்னை அவமதிப்பதாகக் கணவர் நினைக்கிறார். ஒரு நரம்புக் கோளாறு குடும்பச் சண்டையாகப் பெயர் மாறிவிடுகிறது.

கட்டை அவிழ்ப்பது

இதெல்லாம் மாற்ற முடியாததா? நம் ஊர்களிலேயே செய்து பார்த்த ஒரு சோதனை இருக்கிறது. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய நகரங்களின் நான்கு நீரிழிவு மருத்துவமனைகளில், நோயோடு மனச்சோர்வும் இருந்த 404 பேரை 'இன்டிபென்டன்ட்' என்ற ஆய்வு தொடர்ந்தது. முடிவுகள் 2020இல் வந்தன. ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியினருக்கு மருத்துவரோடு கூட, அவர்களைத் தொடர்ந்து கேட்டு, பேசி, ஊக்கப்படுத்தும் ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரும், அவருக்குப் பின்னால் மனநல வல்லுநரின் ஆலோசனையும். 24 மாதங்களுக்குப் பிறகு சோர்வு பாதியாவது குறைந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது இறங்கியவர்கள் முதல் குழுவில் 57.4 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 71.6. அந்த ஒருங்கிணைப்பாளர் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய பெரும்பாலான வேலை கேட்பதுதான்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வாய்ப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது. 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கியபோது நோயாளிகள் மருத்துவமனையைத் தேடி வந்தார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்தத் திசையைத் திருப்பியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வருகிறவர் பெரும்பாலும் அதே பகுதிப் பெண். மருத்துவமனை மேசைக்கு முன் சொல்ல முடியாததைத் திண்ணையில் அமர்ந்து சொல்லிவிடலாம். அவருக்கு மாத்திரை எண்ணும் பயிற்சியோடு காது கொடுக்கும் பயிற்சியும், கேட்டதை யாரிடம் சேர்ப்பது என்ற வழியும் கொடுத்தால், திட்டத்தின் பயன் பெரிதும் கூடும்.

சொற்களும் மாற வேண்டும். ஆஸ்திரேலிய நீரிழிவு அமைப்பு 2011இலும், இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுத் துறை 2018இலும், நோயுள்ளவரிடம் எந்தச் சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டிகள் வெளியிட்டன. தமிழில் அப்படி ஒன்று எழுதினால் முதல் பக்கத்தில் சேர வேண்டியவை நமக்குத் தெரிந்தவைதான்: 'கட்டுப்பாடு இல்லாதவர்', 'ஊசி கேஸ்', 'பத்தியம் தவறியவர்'. "சுகர் உங்களுக்குக் கட்டுப்படல" என்பதற்கும் "இந்த மருந்து உங்களுக்குப் போதல" என்பதற்கும் இடையே ஒரே ஒரு வேறுபாடு உண்டு. முதல் சொற்றொடரில் தோற்றவர் நோயாளி; இரண்டாவதில் மருந்து. சிகிச்சை இரண்டிலும் ஒன்றுதான்.

மருத்துவமனையில் எல்லா எண்களையும் எழுதி முடித்த பிறகு அரை நிமிடம் மீதம் இருக்கும். வெறும் வயிற்றில் இவ்வளவு, சாப்பிட்ட பின் இவ்வளவு, எடை, ரத்த அழுத்தம். வழக்கமாக அந்த அரை நிமிடத்தில் விழுவது, "வாயைக் கட்டுங்க, அடுத்த மாசம் பார்க்கலாம்." அதற்குப் பதிலாகப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதுல உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுப் பார்க்கலாம். முதல் தடவை, "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் பதில் வரும். பல ஆண்டுகள் கட்டியிருந்த வாய் ஒரே கேள்வியில் திறக்காது. அடுத்த மாதமும் கேட்க வேண்டும்.